இந்தியா மேஜைக்குப் போன குண்டான்

1

முருகையன் அண்ணன் போன வாரம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் உங்கள் எல்லோருடைய சத்தமும் கேட்டது. பின்னால் மின்விசிறி கடகடவென்று ஓடுவதும் கேட்டது. அந்த விசிறியை இன்னும் மாற்றவில்லை போலிருக்கிறது. ஊரை விட்டு வெளியே போனவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும், நம் காலனி மாலை வகுப்பின் சுவரில் ஒட்டப் போகிறோம் என்று அண்ணன் சொன்னார். துபாயில் இருக்கிற செல்வம் கட்டடங்களைப் பற்றி எழுதிவிட்டானாம். எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்த மெசேஜிலேயே உங்களில் சௌமியா குறுக்கே புகுந்து கேட்டாள்.

"மாமா, அங்க இருக்கிறவங்க இந்தியான்னா என்னா நெனச்சிக்கினு இருக்காங்க?"

நல்ல கேள்வி. அதையே எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ. பிட்டர் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. அங்கங்கே பேச்சு மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "பசங்களுக்கு ஊக்கமா இருக்கிற மாதிரி எழுதுடா கலியா" என்றார் அண்ணன். ஊக்கமாக வருமா என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன், ஒட்டுவதும் ஒட்டாததும் அவர் இஷ்டம்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்னிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி. கடற்கரை, கங்காரு என்றெல்லாம் நினைக்காதீர்கள். இங்கேயும் சுரங்கம்தான். நம் ஊரில் தோண்டுகிற அதே பழுப்பு நிலக்கரி. பெரிய சக்கரம் வைத்த இயந்திரம் மண்ணைக் கடித்துக் கடித்து பெல்ட்டில் போடுகிறது. அந்த பெல்ட் அறுந்தால் ஒட்டுவது என் வேலை. நெய்வேலியில் கான்ட்ராக்டில் செய்துகொண்டிருந்த அதே வேலை. வெளிநாடு போனவன் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். ஒரு பள்ளத்தில் இறங்கி இன்னொரு பள்ளத்தில் ஏறினவன் நான்.

காலையில் கார் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்படிச் சுரண்டும்போதெல்லாம் மந்தாரக்குப்பத்திலிருந்து முதல் ஷிஃப்டுக்கு சைக்கிள் மிதித்தது ஞாபகம் வரும். கம்பெனி பஸ்கள் பர்மனென்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும். அந்த நாட்களுக்காக நான் ஏங்கவில்லை. அந்த சைக்கிளுக்கு பிரேக்கும் கிடையாது.

2

இந்தியா என்றால் இங்கே இருப்பவர்கள் மனதில் ஒரு ஆள் இருக்கிறான். கம்ப்யூட்டர் அவனுக்குக் கைவந்த கலை. கறி தொட மாட்டான். இந்தி பேசுவான். கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. காலையில் எழுந்து காலை மடக்கி உட்கார்ந்து மூச்சு இழுத்து விடுவான். அவனுடைய அப்பா டாக்டர், இல்லையென்றால் இன்ஜினியர். அந்த ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் எங்கே போனாலும் எனக்கு முன்னாலேயே அவன் போய் உட்கார்ந்திருக்கிறான்.

சேர்ந்த புதிதில் கூட வேலை செய்கிற ஒருவன் லேப்டாப்பைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தான். சரி பண்ணிக் கொடு என்றான். அதை எந்தப் பக்கம் திறப்பது என்றே எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே செய்ய மாட்டேன் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்னொரு சனிக்கிழமை ஊர் கிரிக்கெட் டீமிலிருந்து வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். நான் கபடி ஆடினவன். சொல்லத் தெரியாமல் போய் நின்றேன். பந்து பட்டு விரல் வீங்கியதுதான் மிச்சம். அடுத்த வாரம் யாரும் கூப்பிடவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். லைசென்ஸ் ஆபீஸில் நடந்தது அப்படி இல்லை. என் இங்கிலீஷ் அந்த அதிகாரிக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரை போனில் கூப்பிட்டுத் தருகிறேன் என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று காதில் வைத்தால் ஒரு அம்மா இந்தியில் பேசுகிறார். தமிழ், தமிழ் என்று நான் சொல்கிறேன். அவர் மறுபடியும் இந்தியில் ஏதோ கேட்கிறார். கடைசியில் அந்த அம்மா அதிகாரியிடம் சொன்னது எனக்கே புரிந்தது. இவர் இந்தியர் என்கிறார், ஆனால் இந்திய மொழி தெரியவில்லை என்றார். அதிகாரி என் பாஸ்போர்ட்டை எடுத்து மறுபடி புரட்டினார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த இந்தியாவில் நான் இல்லை, அவ்வளவுதான்.

நீங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் மகள் கயல்விழியை லீவில் கூட்டிக்கொண்டு வந்தபோது உங்களில் ஒருத்தர், "ஆஸ்திரேலியாக்காரி வெள்ளையா இருப்பான்னு பாத்தா நம்மள மாதிரியே கருப்பா இருக்குது" என்று சொன்னதை அவள் மறக்கவே இல்லை. யார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

3

முதல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை இடத்திலேயே இரும்புத் தட்டைச் சூடு பண்ணி மாட்டுக்கறி சுடுவார்கள். கறியை அரைத்துக் குழல் மாதிரி அடைத்து வைத்திருப்பார்கள். சுட்டு ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட வேண்டியது. வாசனை தூரத்திலேயே வந்துவிட்டது. நல்ல பசி. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் எங்கள் போர்மேன் டேரன் என்னை நிறுத்திவிட்டு, ஓரமாக வைத்திருந்த ஒரு தட்டை எடுத்தான். வெள்ளித்தாள் போட்டு மூடி, மேலே பேனாவால் என் பெயரை எழுதியிருந்தான். அதற்கென்று ஒரு தனி இடுக்கி. எல்லோரும் நிற்கிற இடத்தை விட்டுத் தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்து, இது உனக்கு மட்டும், வேறு எதுவும் இதன் மேல் படவில்லை என்றான்.

பிள்ளைகளே, அதற்கப்புறம் அவன் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

சின்ன வயதில் அப்பாவோடு ஒரு டீக்கடைக்குப் போவேன். எந்த ஊர் என்று எழுத வேண்டாம், அந்தக் கடையும் இப்போது இல்லை. கூரையில் செருகியிருக்கிற கிளாஸை அப்பாவே எடுத்துக் கழுவி நீட்டுவார். டீயைக் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே செருகிவிட்டு வர வேண்டும். அதனாலேயே பிற்பாடு அவர் நெய்வேலி கம்பெனி டவுன்ஷிப்புக்குள் நடந்து போய் டீ குடிக்க ஆரம்பித்தார். அங்கே எல்லா மாவட்டத்து ஆட்களும் வந்து போவார்கள். யார் என்ன என்று கடைக்காரருக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே கிளாஸ். ஒரு டீக்காக அவ்வளவு தூரம் நடந்த மனிதன் பெற்ற பிள்ளை நான். கடல் தாண்டி வந்து, பெயர் எழுதின தனித் தட்டின் முன்னால் நிற்கிறேன்.

தட்டைத் தொடவில்லை. போய் காரில் உட்கார்ந்துகொண்டேன். டேரன் பின்னாலேயே வந்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எல்லோருக்கும் என்ன தட்டோ அதைக் கொடு, இல்லையென்றால் எனக்கு வேண்டாம். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. இந்தியர்கள் கறி சாப்பிட மாட்டார்கள், கறி பட்ட பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகப் புது இடுக்கி வாங்கியிருக்கிறான். அவன் மனைவி பீன்ஸை வேகவைத்து உருண்டை பிடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

என்னை மேலே வைத்துத் தனித் தட்டு போட்டிருக்கிறான். அப்பாவைக் கீழே வைத்துத் தனி கிளாஸ் போட்டார்கள். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்ததில் என் தப்பு என்ன இருக்கிறது?

நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன் என்று சொன்னேன். மாடு உங்களுக்குச் சாமி ஆயிற்றே என்றான். எங்கள் தெருவில் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரொட்டியில் இரண்டாக வைத்துக் கொடுத்தான். பீன்ஸ் உருண்டையை அவன் தின்றான். அன்றோடு சரி, தனித் தட்டு கிடையாது.

ஒரே மத்தியானத்தில் அவன் தெரிந்துகொண்டான். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களை அதற்கப்புறம்தான் பார்த்தேன். அவர்கள் நம் நாட்டுக்காரர்கள்.

4

இங்கே இந்தியக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு ஹால் எடுத்துக் கொண்டாடினார்கள். நானும் என் மனைவி அஞ்சலையும் கயலைக் கூட்டிக்கொண்டு ஆசையாகப் போனோம். சங்கத்தை நடத்துகிற சந்திரசேகர் சார் மின்சார ஆபீஸில் இன்ஜினியர். நெய்வேலி என்று நான் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட, நானும் நெய்வேலிதாங்க. டவுன்ஷிப்ல பொறந்து வளர்ந்தவன். நீங்க எந்த பிளாக்?"

அவருடைய அப்பா கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவராம். குவார்ட்டர்ஸ், பெரிய தோட்டம், மாமரம், பள்ளிக்கூடத்துக்குக் கம்பெனி பஸ். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் சொல்கிற மாமரங்களை வெளியிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"பிளாக் இல்லைங்க சார். எங்கம்மா எல்லா பிளாக்லயும் வேலை செஞ்சிருக்காங்க" என்றேன்.

அவர் புரியாமல் சிரித்தார். பாத்திரம் விளக்கற வேலைங்க என்று அஞ்சலை சொன்னாள். அவளுக்கு எதையும் மூடி வைக்கத் தெரியாது. அப்பா பர்மனென்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நிலம் கொடுத்தவங்களா என்று கேட்டார். நிலம் இருந்தால்தானே கொடுப்பதற்கு. வளையமாதேவிப் பக்கத்தில் சுரங்கத்துக்கு நிலம் போகிறது என்று ஊரே ரோட்டில் நின்றபோது, அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் ஊர்வலத்தின் வாலில் நின்றார்கள். அந்த வாலில் நின்றவர்கள் நாங்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. காலனி என்று மட்டும் சொன்னேன். டவுன்ஷிப்பில் வளர்ந்தவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவரைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. அஞ்சலையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காரில் அழைத்துப் போய் டாக்டரிடம் பேசினவர் அவர். கயலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட வந்து நின்றார். ஆனால் சங்கத்தில் நாற்காலி தூக்க வேண்டும் என்றால் முதல் போன் எனக்கு வரும். அடுப்பு இறக்க, பந்தல் கட்ட, கடைசியில் ஹாலைக் கூட்ட. மேடையில் இந்தியாவைப் பற்றிப் பேச யாரைக் கூப்பிடலாம் என்று பேசும்போது என் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. நானும் நாற்காலியைத் தூக்கினேன். தூக்கினால் நம்மையும் ஒருத்தர் என்று சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அவருடைய மகள் திவ்யாவும் கயலும் ஒரே வகுப்பு. ஒருத்தி இல்லாமல் ஒருத்தி இல்லை. கயலுக்கு இந்தியா என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தது நானும் இல்லை, அஞ்சலையும் இல்லை. திவ்யாதான்.

5

போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு சாயங்கால விருந்து வைத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவார்களோ அதைக் கொண்டு வர வேண்டும், அதைப் பற்றி எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை பேச வேண்டும். டீச்சர் அனுப்பியிருந்தது இவ்வளவுதான்.

அஞ்சலைக்கு சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறி வறுவல். தேங்காயைச் சில்லு சில்லாகக் கீறிப் போட்டு, மிளகு தூக்கலாக வைத்து, தண்ணீர் வற்ற வற்றக் கிளறி இறக்குவாள். கறி மலிவாகக் கிடைக்கிற நாடு இது. இங்கே யாரும் அதைப் பார்த்து மூக்கைப் பிடிக்கப் போவதில்லை.

அதற்குள் சந்திரசேகர் சார் சங்கத்து வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டுவிட்டார். இந்தியா மேஜை ஒன்றுதான், எல்லாக் குடும்பமும் அதில்தான் வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பனீர், ஒரு வீட்டுக்குப் புலாவ். எங்கள் வீட்டுக்குச் சமோசா. கீழே சுத்த சைவம் என்று எழுதி ஒரு இலைப் படம்.

"பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு தரம் வாங்கித் தின்னு வாந்தி எடுத்தேன். எனக்கும் சமோசாவுக்கும் அதான் சொந்தம்" என்றாள் அஞ்சலை. "ஞாயித்துக்கெழம நம்ம வூட்ல என்னா திங்கிறோம்னுதானே கேட்டிருக்காங்க. அதத்தான் நான் செய்வேன்."

கயல் மூலமாக திவ்யாவுக்கும் திவ்யா மூலமாக அவள் அப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது. அன்று மாலையே எனக்கு போன் வந்தது. அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை அவர்.

"நம்ம நாட்டைப் பத்தி தப்பா ஒரு இமேஜ் போயிடக் கூடாதுங்க. அதுக்காகத்தான் சொல்றேன்."

"எங்க வூட்ல சாப்புடறதத்தானே சார் கேட்டிருக்காங்க?"

"வீட்ல நீங்க என்ன வேணா சாப்பிடுங்க கலியபெருமாள். யாரு கேட்கப் போறா? மேஜை மேல இருக்கிறது உங்க வீடு இல்லையே, நாடு."

எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் வரும். அப்போ என் வீடு எந்த நாட்டில் இருக்கிறது சார் என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் பெல்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. டேரனிடம் சொல்லியா ஆகப் போகிறது?

வீட்டில் கயலுடைய முகம் உர்ரென்று இருந்தது. வகுப்பில் எல்லோரிடமும் நாங்கள் கறி சாப்பிட மாட்டோம் என்று எப்போதோ சொல்லி வைத்திருக்கிறாள். திவ்யாவிடமும்தான். அம்மா கறியோடு வந்து நிற்காமல் தடுக்க வேண்டும் என்றுதான் இப்போது அவளிடம் வாயைத் திறந்திருக்கிறாள். ஏன் சொன்னாய் என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு கேட்டார்கள், ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது என்றாள்.

"நம்ம ஊரப் பத்திச் சொல்லு. நெய்வேலியப் பத்திச் சொல்லு" என்றேன்.

"என்ன சொல்றதுப்பா? போன்ல நெய்வேலின்னு போட்டுப் பாத்தேன். ஒரு பெரிய பள்ளம், ஒரு சிம்னி. இங்கயும் பள்ளம், அங்கயும் பள்ளம். திவ்யாகிட்ட டான்ஸ் இருக்கு, கோயில் இருக்கு, ஊஞ்சல் வச்ச வீடு இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?"

அதற்கு அஞ்சலைதான் பதில் சொன்னாள். "ஒங்கிட்ட நாங்க இருக்கோம்டி."

கயல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அஞ்சலை சமைக்கப் போகிறாளா, கயல் என்ன பேசப் போகிறாள் என்று எனக்கு அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. சமோசாவோ கறியோ, அது எனக்குப் பெரிதில்லை. என் மகள் நாலு பேர் முன்னால் நின்று எங்கள் வீட்டை எங்கள் வீடு என்று சொல்வாளா மாட்டாளா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

6

அஞ்சலை சமைத்தாள். சின்ன குண்டானில் போட்டு, துணி சுற்றி, காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கயல் எங்களோடு வரவில்லை. திவ்யா வீட்டுக்கு முன்னாடியே போய், திவ்யாவுடைய பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு அவர்களோடு வந்துவிட்டாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கை நிறைய வளையல். நிஜமாகவே அழகாக இருந்தாள். ஆனால் பார்த்தவுடன் வேறு யாரோ வீட்டுப் பெண் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஹாலில் நாட்டுக்கு ஒரு மேஜை. எந்த மேஜையைப் பார்த்தாலும் கறி. பிலிப்பைன்ஸ் மேஜையில் பன்றிக்கறி, லெபனான் மேஜையில் ஆட்டுக்கறி, இந்த ஊர்க்காரர்கள் மேஜையில் மாட்டுக்கறி வைத்த அப்பம். கறி இல்லாதது இந்தியா மேஜை ஒன்றுதான். மூவர்ணத் துணி விரித்து, நடுவில் தாஜ்மகால் பொம்மை வைத்திருந்தார்கள். தாஜ்மகாலை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. சினிமாவில் பார்த்ததுதான்.

சந்திரசேகர் சார் வாசலுக்கே வந்தார். அஞ்சலை கையிலிருந்த குண்டானைத் தானே வாங்கிக்கொண்டார். அக்கா, நான் பார்த்துக்கறேன் என்றார். நேராகப் போய் மூவர்ணத் துணியைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, துணியை இழுத்துச் சரிசெய்தார். யாரையும் புண்படுத்தாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அஞ்சலை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கயல் தூரத்திலிருந்து பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கயல் முறை வந்தது. யாரோ செய்த சமோசாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றாள். நல்ல இங்கிலீஷ், எனக்கு வராத இங்கிலீஷ். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அம்மா சமோசா செய்வாள் என்றாள். நாங்கள் கறி சாப்பிட மாட்டோம், எங்கள் நாட்டில் எல்லா உயிரையும் மதிப்போம் என்றாள். எங்கள் ஊரில் பழைய கோயில் இருக்கிறது, எங்கள் வீட்டில் ஊஞ்சல் இருக்கிறது என்றாள். என் அப்பா சுரங்கத்தில் இன்ஜினியர் என்றாள்.

டேரன் மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் மகனும் அந்தப் பள்ளிக்கூடம்தான். திரும்பி என்னைப் பார்த்தான். எத்தனையோ வெள்ளிக்கிழமை என்னோடு நின்று கறி தின்றவன். புருவத்தை மட்டும் தூக்கினான்.

எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். டீச்சர் மைக்கோடு இறங்கி எங்களிடம் வந்தார். அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், இதோடு ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்று கேட்டு மைக்கை என்னிடம் நீட்டினார்.

நான் எழுந்து நின்றேன். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் ஒரு குண்டான் இருக்கிறது, அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. நான் இன்ஜினியர் இல்லை, பெல்ட் ஒட்டுகிறவன். ஊஞ்சல் வீட்டில் என் அம்மா பாத்திரம் தேய்த்தாள். இங்கிலீஷில் இதைச் சொல்ல எனக்கு வார்த்தைகூட இருந்தது. மேடையில் கயல் தாவணி முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்துப் போயிருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவள் பொய்க்காரி. சொல்லாவிட்டால் நாங்கள் இல்லாதவர்கள்.

"என் மகள் சரியாகச் சொன்னாள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

பிள்ளைகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். வெள்ளைக்காரன் நம்மைத் தப்பாக நினைக்கிறான் என்பது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவனுக்கு ஒரு தட்டைக் காட்டிச் சொல்லிப் புரிய வைத்துவிடலாம். அந்தத் தப்பான படத்தை வரைந்து கொடுத்தவர்கள் நம்மை அதில் சேர்க்காமலே வரைந்தார்கள். என் மகள் அந்தப் படத்தைப் பார்த்து, நம் வீட்டைவிட அது நல்ல வீடு என்று அதற்குள் குடிபோய்விட்டாள். கதவைத் திறந்துவிட்டவன் நான். சாதி நம் ஊர் எல்லையோடு நின்றுவிடும், விமானம் ஏறாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது நம்மைவிட நல்ல இங்கிலீஷ் பேசும்.

கூட்டம் முடிந்ததும் அஞ்சலை மேஜைக்கு அடியில் குனிந்து குண்டானை எடுத்துக்கொண்டாள். டேரன் கார் வரைக்கும் கூட வந்தான். கறியை விட்டுவிட்டாயா என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அஞ்சலை கையிலிருந்த குண்டானைப் பார்த்தான், மூடியிடுக்கில் வந்த வாசனையையும் பிடித்திருப்பான். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அஞ்சலை கறியைச் சூடு பண்ணினாள். சோறு வடித்தாள். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. திவ்யா வீட்டுக் கார். கயல் உள்ளே வந்தாள். தாவணியோடு, கை நிறைய வளையலோடு. சமையலறை வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தாள்.

"அவங்க இன்னும் போகலப்பா" என்று மெதுவாகச் சொன்னாள்.

நேராகப் போய் தெருப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள். கொக்கியும் போட்டாள். அப்புறம் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து தட்டை நீட்டினாள். தேங்காய்ச் சில்லு நிறையப் போடும்மா என்றாள்.

அஞ்சலை கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்து போய் சன்னலை நன்றாக விரித்துத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. தெருவில் அந்தக் காரின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, கயலுடைய தட்டில் கறியைப் போட்டாள்.

கயல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வைக்கவில்லை. வெளியே கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தாள்.